பழியைக் கடவுள்மேல் போடாதீர்

2025 செப்டம்பர் 30 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியிடத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தனர். பிழைப்புத் தேடி அசாமிலிருந்து வந்தவர்கள் அவர்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது மாநில அரசு. பிரதமர் 2 லட்சம் அறிவித்தார். மறுநாள் ஆயுதபூஜை. மாவட்டம் முழுக்கத் தொழிற்கூட வாசல்களில் வாழைக்கன்று நிற்கும், இயந்திரங்கள் சந்தனம் குங்குமம் பூசிக்கொள்ளும் நாள். இரண்டும் அடுத்தடுத்த நாள்களில் வந்தது தற்செயல்தான். ஆனால், நம் நாட்டில் தொழில் விபத்தில் இறந்தவருக்கான இழப்பீடு அன்றிரவே அறிவிக்கப்படுகிறது. அவர் ஏன் இறந்தார் என்பதை அறிவிக்க நாள் குறிக்கப்படுவதில்லை. இது தற்செயல் அல்ல, பழக்கம். இந்தப் பழக்கத்துக்கு மதத்திலும் துணை தேடப்படுகிறது, அறிவியலிலும் துணை தேடப்படுகிறது.

ஆயுதபூஜை வந்தால் நம்மிடையே ஒரு விவாதமும் வரும். கணினிக்கும் கிரேனுக்கும் பொட்டு வைப்பது மூடநம்பிக்கை என்பார் ஒரு சாரார். மரபைக் கொச்சைப்படுத்தாதே என்பார் மறு சாரார். இரு தரப்பும் ஆண்டுதோறும் அதே வசனங்களைப் பேசிவிட்டுக் கலைகின்றன. மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் என்று நீளும் இந்தத் தொழில்வட்டாரத்தில் அந்த விவாதத்தால் ஒரு விரல்கூடக் காப்பாற்றப்பட்டதில்லை. காரணம் எளிது. இங்கே மதமும் அறிவியலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்கவில்லை. பொறுப்பிலிருந்து தப்ப விரும்பும் நிர்வாகம் இரண்டையுமே மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு விபத்துக்குப் பிறகு அது சில நேரம் விதியைக் காட்டும்; சில நேரம் சான்றிதழைக் காட்டும். குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியது எலுமிச்சம்பழம் அல்ல, அந்த நிர்வாகம்தான் என்பதே நம் தீர்ப்பு.

முதலில் ஆயுதபூஜைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஆண்டு முழுவதும் மூன்று ஷிப்டுகளில் ஓடும் லேத்தும் பிரஸ்ஸும் அன்றைக்கு நிற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கப்படுகிறது. முதலாளியும் ஹெல்பரும் ஒரே தட்டிலிருந்து பொரியும் கடலையும் எடுத்துக்கொள்ளும் நாள் வேறொன்று இல்லை. ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா பூஜையைத் தங்கள் முறைப்படி கொண்டாடுகிறார்கள். பொரிப் பொட்டலம் வாங்கிக்கொள்ளும் வரிசையில் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் நிற்கிறார்கள். தனக்குச் சோறு போடும் கருவிக்கு முன்னால் ஒரு நாள் தலைவணங்குவதில் யாருக்கும் இழிவில்லை. பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து இருசக்கர வாகனத்தில் வருபவரைச் சறுக்கிவிழச் செய்யாதவரை, அந்தச் சடங்கால் தீங்கும் இல்லை.

இந்தப் பூஜைக்கு எதிராகத் தமிழில் எழுப்பப்பட்ட மிகக் கூர்மையான கேள்வி அண்ணாவுடையது. அச்சு இயந்திரத்தையும் ரயிலையும் மின்சார விளக்கையும் கண்டுபிடித்தவர்கள் ஆயுதபூஜை செய்தவர்களா என்று ‘திராவிட நாடு’ இதழில் அவர் கேட்டார். அந்தக் கேள்வியின் நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது கண்டுபிடித்தவன் யார் என்பதைப் பற்றிய கேள்வி. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேட்கவேண்டியது, அந்தக் கண்டுபிடிப்பை ஓட்டுபவனின் கை முழுசாக வீடு திரும்புகிறதா என்பது. பிரஸ் மெஷினில் எலுமிச்சம்பழம் கட்டும் தொழிலாளியைப் பார்த்துச் சிரிப்பவர் ஒன்றை யோசிக்கவேண்டும். அந்தப் பழம் இயந்திரத்தை நிறுத்தாது என்பது அவனுக்குத் தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். சென்சார் வாங்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. ஷிப்டின் இலக்கைக் குறைக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. அவனால் வாங்க முடிந்தது ஒரு பழம்தான். ஆகவே அதை வாங்கிக் கட்டுகிறான். அவன் பயத்தை மூடநம்பிக்கை என்று சொல்வதற்கு முன், அந்தப் பயத்துக்கு அவனைத் தள்ளியது யார் என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

பிரஸ் மெஷினையே எடுத்துக்கொள்வோம். தகட்டை அச்சில் வைத்து மேலிருந்து இறங்கும் பாரத்தால் வெட்டியும் வளைத்தும் கார் உதிரிபாகம் செய்யும் இயந்திரம் அது. பாரம் இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது. இதற்கு வழிகள் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் பாரம் இறங்கும் என்று அமைக்கலாம். குறுக்கே ஒளிக்கதிர் ஓடவிட்டு, விரல் அதை மறைத்தால் இயந்திரம் தானே நிற்கும்படி செய்யலாம். கம்பிக் கூண்டு போடலாம். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. பிறகும் விரல்கள் ஏன் போகின்றன? ஒரு பொத்தானின் மேல் டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுகிறார்கள். சென்சாரை பைபாஸ் செய்கிறார்கள். கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைக்கிறார்கள். இவை இருந்தால் ஒவ்வொரு பீஸுக்கும் சில நொடிகள் கூடுதலாகும். ஷிப்ட் முடிவில் எண்ணிக்கை குறையும். விரலையும் எண்ணிக்கையையும் தராசில் வைத்து எண்ணிக்கை கனம் என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை.

இரும்பு உருக்கும் ஆலைகளிலும் கதை வேறல்ல. உலையில் கொட்டப்படும் பழைய இரும்பில் ஈரம் இருந்தாலோ, வாயடைத்த குழாய்க்குள்ளோ டப்பாவுக்குள்ளோ தண்ணீர் தங்கியிருந்தாலோ, உருகிய உலோகத்தில் அது விழுந்த கணம் நீராவியாக மாறும். நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். அடைபட்ட அந்த ஆவி வெடித்துக் கிளம்பும்போது உலை வாயில் நிற்பவர் மீது உருகிய இரும்பு தெறிக்கும். பள்ளி இயற்பியலில் இருக்கும் விஷயம் இது. இதைத் தடுக்கத் தேவை, இரும்பை உலையில் போடுமுன் பிரித்துப் பார்க்கவும் உலர்த்தவும் சில ஆள்கள், சிறிது நேரம், உலைக்கு முன் நிற்பவருக்கு முறையான உடை. அந்த ஆள்கூலியை மிச்சம்பிடித்துவிட்டு உலைக்குக் கற்பூரம் காட்டுபவரைப் பக்தர் என்று அழைப்பதற்கில்லை. பூஜைக்குச் செலவழித்ததை அவர் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். மிச்சம்பிடித்த கூலி எந்தக் கணக்கில் ஏறும் என்பதை அவர் வணங்கும் தெய்வமே அறியும்.

பக்தி என்றாலே அறிவை அடகு வைப்பது என்று சொல்வதும் இந்த மண்ணின் அனுபவத்துக்கு ஒவ்வாது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை நோய் தீர்க்கும் வைத்தியராக வணங்குகிறார்கள். அமாவாசை தோறும், குறிப்பாகத் தை அமாவாசையில், ஹிருத்தாபநாசினி குளக்கரையில் கூட்டம் நெரியும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்தால் அதைப்போல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. அதே ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குளத்தில் வெல்லம் கரைத்தவர்கள்தாம் அங்கே புறநோயாளிச் சீட்டுக்கும் வரிசையில் நிற்கிறார்கள். மருந்தை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் நம்பிக் கெட்டுப்போகிறவர்கள் இல்லாமலில்லை; அவர்களைத் திருத்துவது மருத்துவருக்கும் அர்ச்சகருக்கும் சேர்ந்த கடமை. ஆனால் சாதாரண பக்தர் பிரார்த்தனையை மாத்திரைக்குப் பதிலாக வைப்பதில்லை, மாத்திரையோடு வைக்கிறார். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து ஆள்மாறாட்டம் செய்யும் வேலை அவருடையதல்ல.

பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் கிளம்புவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் திருமலைக்கும் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கும் போவது வழக்கம். விஞ்ஞானிகள் கோயிலுக்குப் போகலாமா என்று ஒவ்வொரு முறையும் சர்ச்சை கிளம்பும். 2019 ஜூலையில் சந்திரயான்-2 கிளம்புவதற்கு முன்பும் அன்றைய தலைவர் கே. சிவன் திருமலைக்குச் சென்று வணங்கினார். ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்கு ஏவவேண்டும். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் நேரில் வந்து அமர்ந்திருந்தார். நாடே தொலைக்காட்சி முன் விழித்திருந்தது. ஏவுவதற்கு 56 நிமிடங்கள் இருக்கையில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு தெரிந்தது. கவுன்ட்டவுன் நிறுத்தப்பட்டது. பெருமாளைக் கும்பிட்டாயிற்று, அவர் பார்த்துக்கொள்வார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. குடியரசுத் தலைவர் காத்திருக்கிறாரே என்றும் தயங்கவில்லை. கோளாறைச் சரிசெய்து ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்று ஏவினார்கள். கும்பிட்டது மனத்துக்கு, நிறுத்தியது அளவுமானி சொன்னதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அந்த ஒழுங்குதான் அறிவியல். அதே ஸ்ரீஹரிகோட்டாவில் 2004 பிப்ரவரியில் திட எரிபொருள் கூடத்தில் நேர்ந்த விபத்தில் 6 பேர் இறந்ததையும் மறப்பதற்கில்லை. அங்கே வேலை செய்பவர்களும் மனிதர்கள்தாம். ஆனால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஏவுதளத்திலிருந்து தெற்கே புறநகர் ரயில் ஓடும் தூரத்தில்தான் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்கே இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சிவப்புப் பொத்தான் எல்லா இயந்திரங்களிலும் உண்டு. அதை அழுத்திய கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அடுத்த நாள் ஷிப்ட் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. மொழி தெரியாத ஊரில், ஏஜென்ட் காட்டிய அறையில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய கட்டாயத்தில் இருப்பவன் ஒரு லைனையே நிறுத்தத் துணிவானா? குடியரசுத் தலைவரைக் காக்கவைக்கும் துணிவை நாட்டின் தலைசிறந்த பொறியாளர்களுக்குக் கொடுத்தது அவர்களுடைய தனி வீரம் மட்டுமல்ல. நிறுத்தியதற்காக வேலை போகாது என்ற உறுதியும்தான். அந்த உறுதியைக் கூலித் தொழிலாளிக்குக் கொடுக்காமல் அவனிடம் அறிவியல் மனப்பான்மையை எதிர்பார்ப்பது அநியாயம். 1976-இல் 42-ஆவது திருத்தம் வழியாக நம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளில் அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் ஆராய்ந்து கேட்கும் இயல்பும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கேட்டால் கூலி போகும் இடத்தில் அந்தக் கடமையை எந்தக் குடிமகனும் நிறைவேற்ற முடியாது.

அந்தப் புறநகர் ரயில் ஓடும் தடத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2024 அக்டோபர் 11, அன்றும் ஆயுதபூஜை. இரவு எட்டரை மணி அளவில் கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், பிரதான தடத்தில் போகவேண்டியது, கிளைத்தடத்தில் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. மணிக்குச் சுமார் 75 கி.மீ. வேகம். பெட்டிகள் சிதறின, ஒரு பெட்டி தீப்பிடித்தது, பலர் காயமடைந்தனர். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று சொன்னவர்களை நாம் குறைகூற மாட்டோம். உயிர் பிழைத்தவரின் நன்றி அது. ஆனால் அந்த நன்றியில் ஒரு பங்கு, மோதலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாத எல்.எச்.பி. பெட்டிகளுக்கும், பழைய வகைப் பெட்டிகளைக் கைவிட்டு இவற்றுக்கு மாறுவது என்று எடுக்கப்பட்ட முடிவுக்கும் சேரவேண்டும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தவறு நடந்த வீட்டைச் சேர்ந்தவரே தவறை விசாரிக்கக் கூடாது என்ற தெளிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. தொழிற்சாலை விபத்துகளுக்கு அத்தகைய ஏற்பாடு நம்மிடம் இல்லை.

இனி விதிக்கு வருவோம். மகனைப் பறிகொடுத்த தாய், எழுதியது அவ்வளவுதான் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறாள். அந்த ஆறுதலைப் பறிக்க எந்தப் பகுத்தறிவாளருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே சொற்களை மேலாளர் சொல்லும்போது அது குற்றத்தை மறைக்கும் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. தாய் தன் துக்கத்தை இறக்கிவைக்கிறாள், மேலாளர் தன் பொறுப்பை இறக்கிவைக்கிறார். கல்வியும் நாகரிகமும் கூடிய இடங்களில் விதி என்ற பேச்சு வராது. அங்கே அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று எழுதுவார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு, விதிமுறையைப் பின்பற்றாமை என்று எழுதுவார்கள். கேட்பதற்கு அறிவியல்போல் இருக்கும். அதன் வேலையோ விதி செய்த அதே வேலைதான். கேள்வியை இறந்தவனோடு சேர்த்துப் புதைப்பது.

போபாலில் இதைப் பார்த்துவிட்டோம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, அந்த வேதிப்பொருளைக் குளிர்விக்கும் அமைப்பு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. எரித்து அழிக்கும் கோபுரம் இணைப்பு துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. செலவைக் குறைக்க ஆள்கள் குறைக்கப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு நிறுவனம் சொன்ன விளக்கம், அதிருப்தியடைந்த ஒரு தொழிலாளியின் நாசவேலை என்பது. பொறியியலில் உலகப் புகழ்பெற்ற நிறுவனம் அது. விதியைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் தன் பொறுப்பைச் சுமத்த ஒரு தனி மனிதனைத் தேடியது. அறிவியலின் மொழியில் பேசிவிட்டால் மட்டும் அறிவியல் வந்துவிடாது.

மதம் தன் வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கே ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தனர். பலர் சிறுவர்கள். அவர்களை அடக்கம் செய்தவர் அந்தப் பகுதியின் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன். இறைவன் சித்தம் என்று சொல்லி ஜெபித்து அனுப்பிவிட்டிருந்தால் சுரங்க முதலாளிகள் மகிழ்ந்திருப்பார்கள். விபத்துச் செய்திகள் வெளியே பரவுவதை விரும்பாதவர்கள் அவர்கள். ஹாட்ஜ்சன் அப்படிச் செய்யவில்லை. சுரங்கத்தின் வரைபடத்தோடும் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலோடும் வெடிப்பு எப்படி நேர்ந்தது என்பதை எழுதி அச்சிட்டார். 1813-இல் சுரங்க விபத்துகளைத் தடுக்க ஒரு சங்கம் உருவானது. அதன் வேண்டுகோளை ஏற்று வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி வந்தார். சுரங்க வாயுவில் தீ பற்றவைக்காத கம்பிவலை விளக்கை 1815-இல் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை வாங்கவும் மறுத்தார். அந்த விளக்கைச் சோதிக்க 1816 ஜனவரியில் ஹெபர்ன் சுரங்கத்துக்குள் எடுத்துச் சென்றவர்களில் ஹாட்ஜ்சனும் ஒருவர். இறந்தவர்களுக்காக ஜெபித்த வாயாலேயே ஏன் இறந்தார்கள் என்று கேட்டவர் அவர். அவர் கேட்டதால் அறிவியல் வந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். டேவி விளக்கு வந்த பிறகும் அந்தச் சுரங்கங்களில் மரணங்கள் குறையவில்லை. வாயு மிகுதியால் முன்பு கைவிடப்பட்ட ஆழமான பகுதிகளை முதலாளிகள் மறுபடி திறந்தார்கள். விளக்குதான் இருக்கிறதே, இறங்கு என்றார்கள். காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டியதை விளக்கின் பெயரைச் சொல்லி மிச்சம் பிடித்தார்கள். அறிவியலின் அருமையான கண்டுபிடிப்பு அவர்கள் கையில் தாயத்தாகிவிட்டது. நம் தொழிற்சாலைகளின் வரவேற்பறைச் சுவரைப் பாருங்கள். சாமி படம் ஒரு பக்கம், பன்னாட்டுத் தரச் சான்றிதழ் மறுபக்கம், ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற வாசகம் நடுவில். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுண்டு. உள்ளே சென்சார் பைபாஸ் செய்யப்பட்டிருந்தால், சான்றிதழும் எலுமிச்சம்பழமும் காப்பதில் சமம். சான்றிதழுக்குத்தான் விலை அதிகம்.

இந்தத் தப்பித்தலைச் சட்டமே ஒருமுறை அடைத்திருக்கிறது. 1868-இல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெச்சர் தீர்ப்பு, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் வைத்திருப்பவர் அது தப்பி வெளியேறி விளைவிக்கும் தீங்குக்குப் பொறுப்பு என்றது. ஆனால் கடவுளின் செயலால் நேர்ந்தது என்று காட்டினால் விலக்கு உண்டு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு இந்த விலக்குகள் எதுவும் இல்லை என்று அறிவித்தது. லாபம் உன்னுடையதானால் ஆபத்தும் உன்னுடையது. அதைக் கடவுள் கணக்கில் எழுத முடியாது. மதச்சார்பற்ற நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பு, கடவுளின் பெயரைக் காத்த தீர்ப்பும்கூட.

அதற்குப் பிறகும் நம் வட்டாரத்தில் வானத்தின் மேல் பழிபோடுவது நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. மணலியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வந்தது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். புயலில் கற்பாறைகள் நகர்ந்து குழாய் சேதமாகியிருக்கலாம் என்றது ஆய்வுக் குழு. புயல் வந்தது உண்மை. வங்கக் கடலில் புயல் வரும் என்பது குழாய் பதிக்கும்போதும் தெரிந்த உண்மை. வருவது தெரிந்த பிறகும் அதற்கேற்ப ஆயத்தமாகாததை இயற்கையின் சீற்றம் என்பது, பழைய காலத்தில் தெய்வக் குற்றம் என்றதன் புது வடிவம்.

நமக்கு எதிர்வாதங்கள் தெரியும். தொழிலாளியே கூண்டைக் கழற்றுகிறான், ஹெல்மெட் போடச் சொன்னால் போடுவதில்லை என்பார்கள். சில இடங்களில் உண்மைதான். ஆனால் இலக்கைக் கூட்டிக்கொண்டே போய், எட்டாவிட்டால் ஆளை மாற்றும் இடத்தில் கூண்டைக் கழற்றும் கை அவனுடையது, கழற்றவைக்கும் கை வேறொருவருடையது. சிறு தொழில்கூடங்களுக்குச் செலவு தாங்காது என்பார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. அந்தச் சிறு கூடங்கள் செய்யும் உதிரிபாகங்களைப் பெரிய கார் நிறுவனங்கள்தாம் வாங்குகின்றன. ஒரு தகட்டின் அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினால் சரக்கைத் திருப்பியனுப்பும் அந்த நிறுவனங்கள், அதைச் செய்தவனின் கையில் விரல் குறைவதைக் கண்டுகொள்ளாதிருப்பது அவர்களுடைய தரக் கட்டுப்பாட்டின் அறக்கேடு. விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கும்போதே சென்சாரின் விலையையும் அவர்கள் வெட்டிவிடுகிறார்கள்.

ஆகவே நாம் வேண்டுவது இவை. ஆயுதபூஜையில் எல்லா இயந்திரங்களும் நிற்கின்றன. அந்த நாளுக்கு முன்பாக ஒவ்வோர் இயந்திரத்தின் தடுப்பும் சென்சாரும் அவசர நிறுத்தமும் தொழிலாளர் முன்னிலையில் சோதிக்கப்படவேண்டும். முடிவு தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அசாமியத்திலும் அந்த இயந்திரத்தின் மேலேயே ஒட்டப்படவேண்டும். தேறாத இயந்திரம் பூஜைக்குப் பிறகும் ஓடக் கூடாது. ஆபத்து கண்டு இயந்திரத்தை நிறுத்திய தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கினால், கான்ட்ராக்டர் மட்டுமல்லாமல் ஆலையை நடத்துபவரும் தண்டனைக்குள்ளாக வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையையும் குறித்த காலத்துக்குள் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடவேண்டும். விசாரிப்பவர் அந்த ஆலைக்கு உரிமமும் ஒப்புதலும் கொடுத்தவராக இருக்கக் கூடாது. எண்ணூரில் இறந்த 9 பேரின் விஷயத்திலும் இழப்பீட்டோடு கணக்கு முடிந்துவிட்டதாக அரசு கருதக் கூடாது.

மதத் தலைவர்களிடமும் கேட்கிறோம். சிறுவாபுரி முருகனிடம் சொந்த வீடு வேண்டி வருகிறவர்களிலும், பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டிக்கொள்கிறவர்களிலும், இந்த வட்டாரத்துத் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் கூடுகிறவர்களிலும் பலர் ஆலையில் வேலை செய்கிறவர்கள் அல்லது அவர்களுடைய குடும்பத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். பூஜை செய்து வைக்க அழைக்கும் முதலாளியிடம், இயந்திரத்துக்குக் கூண்டு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், முதலில் அதைப் போட்டுவிட்டு வந்து அழையுங்கள் என்று சொல்லுங்கள். தட்சணை குறையலாம். சடங்கின் மானம் மிஞ்சும். பகுத்தறிவு பேசுவோரிடம் நம் கோரிக்கை வேறு. எலுமிச்சம்பழத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, கழற்றிச் சாய்த்துவைத்த கூண்டுகளை எண்ணத் தொடங்குங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தொழிலாளியோடு இயக்ககத்தின் வாசலுக்குச் செல்லுங்கள். அவன் திருநீற்றை அழிக்கச் சொல்லாமல் அவன் கையைக் காப்பாற்றினால், உங்கள் கொள்கையை அவன் தானே காது கொடுத்துக் கேட்பான்.

தடுக்க வழி தெரிந்திருந்தும், தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும், செலவுக்குப் பயந்து தடுக்காமல் விட்டவர், அதனால் போன உயிருக்குக் குற்றவாளி. அவர் பூஜை செய்தார் என்பதால் குற்றம் குறையாது. சான்றிதழ் வைத்திருந்தார் என்பதாலும் குறையாது. இறந்தவரின் ஆத்மா சாந்தியடைய வேண்டிக்கொள்வது அவருடைய குடும்பத்தின் உரிமை. அவர் ஏன் இறந்தார் என்று சொல்வது நிர்வாகமும் அரசும் அந்தக் குடும்பத்துக்குப் பட்ட கடன். அந்தக் கடனைத் தீர்க்காதவர்கள் இரங்கல் செய்தி வெளியிடத் தகுதியற்றவர்கள்.